சல்லடையில் சலித்த எலும்பு

திம்புள்ளைப் பக்கம் தேயிலை ஃபெக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு தோட்டத்து ஸ்டோரில் முப்பது வருடம் இயந்திரம் பழுதுபார்க்கிற பிட்டராக இருந்தவர் சோலைமலை. எந்தச் சாமானைக் கடைந்து முடித்தாலும் அதைக் கன்னத்தில் வைத்து ஒரு முறை உருட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். விரல் காய்ச்சுப் போனது, அது பொய் சொல்லும், கன்னம் சொல்லாது என்பார். ரோலர் இயந்திரத்தின் அச்சாணியானாலும் துரை பங்களாவின் கதவுக் கொண்டியானாலும் கன்னத்தில் கீறினால் மறுபடியும் உப்புத்தாளுக்குப் போகும்.

பதினான்கு வயதில் எண்ணெய்ப் போணியோடு ஸ்டோருக்குள் போனவர். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. இயந்திரங்களோடு சீமையிலிருந்து வந்த படப் புத்தகங்களை இயந்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இங்கிலீஷ் இலக்கங்களையும் முப்பது நாற்பது சொற்களையும் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் உடைந்த சாமான்களிடமிருந்து கற்றது. உடைந்து வந்த எதையும் அவர் உடனே எறியமாட்டார். எந்த இடத்தில் தேய்ந்தது, ஏன் அந்த இடத்தில் தேய்ந்தது என்று விளங்குகிற வரை அது அவர் மேசையிலேயே கிடக்கும்.

1957இல் ஒரு நாள் தோட்டத்து மருந்துக்காரர் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். டவுன் ஆஸ்பத்திரியில் எலும்பைத் துளைக்கிற கை ட்ரில். உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. புதியது வர நான்கு மாதம் ஆகுமாம். சோலைமலை பித்தளையில் புதுப் பல்சக்கரம் வெட்டிப் பூட்டி, மூன்றாம் நாள் தானே பஸ் ஏறிக் கொண்டுபோனார்.

சர்ஜன் ஞானரட்ணம் ராகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். கோட்டுப் போட்டிருந்தாலும் பேச்சு தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பேச்சுதான். ட்ரில்லைச் சுற்றிப் பார்த்தார்.

"முந்தி கரகரன்னு சத்தம் போடுமே?"

"உள்ளுக்கு மணலு மாதிரி துரு இருந்துச்சுங்க ஐயா. கழுவி விட்டேன்."

டாக்டர் ட்ரில்லை மேசையில் வைத்தார். "எலும்பக் கடைய முடியுமா சோலைமலை?"

"யாரு எலும்பங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "மாட்டெலும்பு. வாங்க, காட்டுறேன்."

வார்டுகளில் காட்டிய இரண்டு பேரில் ஒருத்தியைச் சோலைமலைக்கு நன்றாகத் தெரியும். அவர் குடியிருந்த லயத்திலேயே ஒற்றை அறைக் காம்பரா இரண்டு தள்ளி இருந்த ராசம்மா. போன மாரியில் கொழுந்து நிறைந்த கூடையோடு மலையிலிருந்து இறங்கும்போது மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் கால் மாட்டி விழுந்தவள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சீழ் பிடித்தது. செத்த எலும்பைச் சுரண்டி எடுத்ததில் கால் எலும்பில் ஒரு கோழிமுட்டை உட்காரும் அளவுக்குப் பள்ளம். டாக்டர் வலப்பக்க இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்துப் பார்த்தார். அதையும் சீழ் தின்றுவிட்டது.

அவள் புருஷன் இறந்து ஐந்து வருடம். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள், இப்போது சோலைமலையின் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். கால் போனால் அவள் மலை ஏற முடியாது. மலை ஏறாதவளின் பேரைத் தோட்டத்துச் சம்பளப் பதிவில் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பராவும் போகும்.

"அண்ணே, புள்ளைங்க சேட்டை பண்ணுதுங்களா?" என்று அவள் கேட்டாள். 

மற்றவன் அந்தோனிமுத்து, லொறி கிளீனர். முன்பக்கம் கம்பி போட்டு லொறியைக் கிளப்பும்போது கம்பி திருப்பி அடித்து முன்கை எலும்பு முறிந்தவன். ஆறு மாதமாகியும் எலும்பு ஒட்டவில்லை.

டாக்டர் வராந்தாவில் நின்று விளக்கினார். ஒட்டாத எலும்புக்கு அவரவர் உடம்பிலிருந்தே துண்டு எடுத்து வைப்பதுதான் வழக்கம். ராசம்மாவின் பள்ளத்தை நிரப்ப அவள் உடம்பில் மிச்சமுள்ளது போதாது. வெளிநாட்டில் மாட்டெலும்பைச் சுத்தம் செய்து வைத்துப் பார்க்கிறார்கள்.

"சிலருக்குப் பிடிக்குது. சிலருக்கு உடம்பு வெளிய தள்ளிருது. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியல, எனக்கும் தெரியல. ராசம்மா கால்ல சீழ் நின்னு ஆறு மாசமாவது காயணும். அதுக்குள்ள அந்தோனிமுத்து கையில பாத்துருவோம். அவன் சரின்னுட்டான். முறிஞ்ச ரெண்டு முனைக்குள்ளயும் இறங்குற மாதிரி ஒரு ஆணி வேணும்."

"அளவு குடுங்க ஐயா" என்றார் சோலைமலை.

டவுன் இறைச்சிக் கடையில் மாட்டின் முன்னங்கால் எலும்பு வாங்கிக்கொண்டு வந்தபோது அவர் மனைவி நாகலெட்சுமி வாசலை விட்டு நகரவில்லை.

"இத இங்கன வேக வெச்சீங்கன்னா அந்தச் சட்டியிலயே நீங்க சோறாக்கித் தின்னுக்குங்க. நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கோயில்ல போயி படுத்துக்கிறேன்."

ஸ்டோருக்குள்ளும் இடமில்லை. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். வெங்காயம் தின்றவனைக்கூட ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் தூள் அறைக்குள் விடமாட்டார். "நூறு கெஜம் தள்ளிப் போ. காத்து ஸ்டோருப் பக்கம் அடிச்சா நெருப்ப அவிச்சுரு" என்று சொல்லி, பழைய விறகுக் கொட்டகையைக் கொடுத்தார்.

சோலைமலை அங்கே எலும்பைச் சலவைச் சோடாவில் எட்டு மணி நேரம் அவித்தார், நான்கு முறை தண்ணீர் மாற்றி. நிழலில் பத்து நாள் உலர்த்தினார். லேத்தில் தண்ணீர் சொட்ட விட்டு மெல்லக் கடைந்தார். மூன்று ஆணி வெடித்துப் போயின. நான்காவது நின்றது. அதற்கு உப்புத்தாள், பிறகு தோல்துண்டு, பிறகு சாம்பல் தொட்ட துணி. கன்னத்தில் உருட்டினால் கண்ணாடி போல் வழுக்கியது. ஒரு முனையில் மட்டும், லேத்தின் பிடி கடித்த இடத்தில், நான்கு சின்னத் தழும்பு. தேய்த்தால் அளவு குறைந்துவிடும் என்று மனமில்லாமல் விட்டார். கொண்டுபோய்க் கொடுத்தபோது அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டார்.

"இதுவா குறை? என் வாழ்நாள்ல இப்பிடி ஒரு வேலை பாத்ததில்ல" என்றார் டாக்டர்.

ஐந்தாம் மாதம் அந்தோனிமுத்துவின் கை வீங்கியது. திறந்து பார்த்தபோது ஆணி உள்ளே தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை எடுத்து, ஸ்பிரிட்டு ஊற்றிய புட்டியில் போட்டுச் சோலைமலைக்கு அனுப்பினார். உடைந்த சாமானை அவர் பார்க்க விரும்புவார் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அன்று சோலைமலை சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தோனிமுத்துவின் கட்டிலருகில் நின்றார். 

"மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சிருக்கீங்க, மேஸ்திரி? நீங்க போட்ட பாலீசுக்கு அது எங்கிட்டு நிக்கும்? மாடு வழுக்கி விழுந்திருச்சு."

பக்கத்து வார்டு வரை கேட்கும்படிதான் அவன் பேசுவான். அங்கே ராசம்மா படுத்திருந்தாள்.

மேசையில் புட்டி மூன்று வாரம் இருந்தது. ஒரு பகல் இடைவேளையில் டீமேக்கரின் பூதக்கண்ணாடியை வாங்கி, ஆணியை வெளியே எடுத்துப் பார்த்தார். பளபளப்பு அப்படியே இருந்தது. ஐந்து மாதம் ஓர் உடம்புக்குள் கிடந்ததற்கு அடையாளமே இல்லை, அந்த நான்கு தழும்புகளைத் தவிர. அங்கே வெளுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தார். நகத்தால் சுரண்டினார். வரவில்லை. தழும்பின் பள்ளத்துக்குள் அது வேர் விட்டதுபோல் இறங்கியிருந்தது.

கண்ணாடியைக் கீழே வைத்தார். வாழ்நாள் முழுதும் அவர் செய்த சாமான்கள் ஒன்றோடொன்று உரசாமல் சுழல வேண்டியவை. பிடிக்காமல் இருக்கத்தான் பாலீஷ். பிடிக்க வேண்டிய ஒன்றுக்கும் அவர் அதையே செய்திருக்கிறார். அவர் வெட்கப்பட்ட இடத்தை மட்டும் அந்தோனிமுத்துவின் உடம்பு பிடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் அதைக் காட்டினார். டாக்டர் கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார்.

"முனைக்கு முனை தழும்பு போட்டா?" என்றார்.

"தழும்பு பத்தாதுங்க ஐயா. உள்ளுக்குள்ள வரைக்கும் போக வழி வேணும். மாட்டு முழங்கால் மொழியில, அந்த மூட்டு முண்டுல, எலும்பு தேன்கூடு மாதிரி இருக்குமுங்க. கடைஞ்சா கன்னத்துல கீறும். கீறட்டும்."

அந்தத் தேன்கூட்டு எலும்பில் வேறு வம்பு இருந்தது. ஒவ்வொரு கண்ணிலும் கொழுப்பு. எத்தனை அவித்தாலும் உள்ளே கொஞ்சம் நிற்கும், நின்றது உடம்பில் கெடும். சோலைமலை ஒரு பழைய எண்ணெய் டின்னில் குழாய் வைத்து, நீராவியை எலும்பின் ஒரு பக்கத்தில் அடித்து மறுபக்கம் கொழுப்பை ஒழுக விட்டார். கடைசி மிச்சத்துக்கு டாக்டர் கொழுப்பைக் கரைக்கிற ஈதர் கொடுத்தார். இரண்டு மாதத்தில் காய்ந்த பாலாடைபோல வெளுத்த, எடையே இல்லாத கட்டி ஒன்று கிடைத்தது.

அதற்குள் ராசம்மாவின் காலில் சீழ் நின்று ஏழு மாதமாகியிருந்தது. டாக்டர் அவளிடம் விவரம் சொன்னார், சோலைமலையும் நின்றுகொண்டிருந்தார்.

"மாடா?" என்றாள் ராசம்மா.

"மாட்டு எலும்பு. சுத்தமாக்கினது. எலும்புக்குச் சாதி ஏது தங்கச்சி, சுண்ணாம்புதான்" என்றார் சோலைமலை.

"எங்க வீட்டுல லெச்சுமி இருந்துச்சே, மறந்துட்டீங்களாண்ணே? அவரு செத்தப்போ எனக்குப் பாலு வத்திப்போச்சு. சின்னவ அந்த மாட்டுப் பாலுலதான் உசுரு பொழைச்சா. அது செத்தப்ப அழுதுக்கிட்டே பொதைச்சோம். அதோட எலும்ப எங்கால்ல வெச்சுக்கிட்டு நான் எப்பிடி நடப்பேன்?"

"அந்த மாடு இல்லம்மா இது" என்றார் டாக்டர்.

"அந்தோனிமுத்து மாடு திங்கிற வேதக்காரன், அவனுக்கே நிக்கலயே, ஐயா. எனக்கு வேணாம்."

டாக்டர் கோபப்படவில்லை. மெதுவாக, மறைக்காமல் சொன்னார். பள்ளம் அப்படியே இருந்தால் அந்த இடத்தில் எலும்பு திரும்பவும் முறியும். இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம். அதற்குமேல் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ராசம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

வெளியே வந்தபோது நர்ஸ் மார்கிரட் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆடுன்னு சொல்லி வெச்சுட்டா என்ன? பாத்தா யாருக்குத் தெரியப்போவுது? கால் தப்பிக்கும்."

சோலைமலைக்கு அந்த எண்ணம் ஏற்கெனவே வந்துபோயிருந்தது. தேய்ந்த அச்சில் தகரம் செருகி, மேலே கிரீஸ் பூசி மூடி, சரியாயிருக்கிறது என்று சொல்கிற பிட்டர்களை அவருக்குத் தெரியும். அந்த இயந்திரங்கள் ஓடவும் செய்யும். ஆனால் இவள் அந்தக் காலோடு அவர் வீட்டு வாசலில் தினமும் நடப்பாள், அண்ணே என்று கூப்பிடுவாள்.

"வேணாம் மிஸ்ஸி" என்றார். பிறகு வார்டுக்குத் திரும்பிப் போய், "ராசம்மா, ஆடுன்னா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "ஆடு திங்கிறதுதானே. ஆனா கடையில எவன் வெட்டுனதோ, எங்க கிடந்ததோ..." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரோதமுனிக்கு வெட்டுறோமே, அந்த ஆடுன்னா சரி. அதுல எனக்கும் ஒரு பங்கு வரும். எம் பங்க இந்த வருசம் வாய்க்குக் குடுக்காம காலுக்குக் குடுங்க."

ரோதமுனி என்பவர் ஸ்டோரின் பெரிய சக்கரத்தில் குடியிருக்கிற முனி. சக்கரம் ஆளைப் பிடித்து இழுக்காமல் இருக்க, வருடா வருடம் இயந்திரங்களை நிறுத்தி, மாலை போட்டு, ஆடு வெட்டிப் பங்கு போடுவார்கள். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், படுக்கையில் கிடப்பவர்களுக்கும், பங்கு உண்டு. பூசைக்கு ஆறு வாரம் இருந்தது.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "ஆட்டு மொழி அத்தனூண்டு. அந்தப் பள்ளத்துக்கு ஒரே கட்டியா எப்படி வெட்டுவீங்க?"

"ஒரே கட்டி வராதுங்க" என்றார் சோலைமலை. 

பழகிப் பார்க்கக் கடையில் ஆட்டு எலும்பு வாங்கினார். நல்ல கட்டி ஒன்றுகூட விரல்நுனியைவிடப் பெரிதாகத் தேறவில்லை. வாள் போட்டால் நொறுங்கியது. நொறுங்கியதைக் கூட்டி அள்ளும்போதுதான் தூள் அறைச் சல்லடைகள் ஞாபகம் வந்தன. ஸ்டோரில் தேயிலையும் ஒரே அளவாகப் பிறப்பதில்லை. நொறுங்கியதைச் சல்லடைகளில் சலித்துத்தான் பெரிதையும் சிறிதையும் தூளையும் பிரிக்கிறார்கள்.

டீமேக்கரிடம் கழித்துப்போட்ட சல்லடைகளைக் கேட்டார்.

"எலும்ப சலிச்ச சல்லடை திரும்ப இந்தப் படி ஏறுச்சுன்னா உன்னையும் சலிச்சுருவேன்" என்றார் டீமேக்கர். ஆனால் கொடுத்தார்.

எட்டாம் நம்பரில் விழுந்து பன்னிரண்டாம் நம்பரில் நின்றதை ஒரு பக்கம் வைத்தார். அதற்கும் கீழே விழுந்த தூளை வீணாக்க மனம் வரவில்லை. இடைவெளியெல்லாம் அடைத்தால் உறுதியாக இருக்குமே என்று சேர்த்துக் கலந்தார். பிறகு சந்தேகம் வந்தது. விளக்குச் சிமினி இரண்டை எடுத்து அடியில் துணி கட்டி, ஒன்றில் தூள் கலந்ததையும் ஒன்றில் தூள் நீக்கியதையும் நிரப்பினார். தேநீர் வேளையில் தன் கோப்பையிலிருந்த கடும் சாயத்தை இரண்டிலும் ஊற்றினார். தூள் கலந்ததில் சாயம் மேலேயே குட்டையாக நின்றது. தூள் இல்லாததில் சரசரவென்று இறங்கித் துணி வழியாகச் சொட்டியது. கொட்டிப் பார்த்தார். ஒவ்வொரு குறுணியும் எல்லாப் பக்கமும் பழுப்பேறியிருந்தது. சாயம் போகிற இடமெல்லாம் ரத்தமும் போகும் என்று அவருக்குத் தோன்றியது. தூளைக் கொட்டிவிட்டார்.

அடுத்த வாரம் டாக்டரே கொட்டகைக்கு வந்து அந்தச் சிமினிகளைப் பார்த்தார். "தேயிலைக்காரன்தான்யா இத நினைப்பான்" என்றார். ஆனாலும் அவருக்கு ஒரு கவலை. வெறும் ஆட்டுக் குறுணி உயிரில்லாதது, வழி மட்டும்தான் விடும். ராசம்மாவின் இடப்பக்க இடுப்பிலிருந்து ஒரு கரண்டி எலும்பைச் சீவிக் கலக்க வேண்டும் என்றார். அவளிடம் அதைச் சொன்னபோது அவளுக்கு உடனே விளங்கியது.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரி."

"அதேதான்" என்றார் டாக்டர். "நல்லா அமுக்கி வெச்சுருவோம், ஆடாது."

"ஐயய்யோ, அமுக்காதீங்கய்யா!" ராசம்மா முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள். "கூடையில கொழுந்த அமுக்குனா ஒரு மணி நேரத்துல வெந்து செவந்துரும். தட்டித் தட்டி உக்கார வெக்கணும். நீங்க ஸ்டோர்ல கேட்டுப் பாருங்க, அமுக்கிக் கொண்டுவந்த கொழுந்த டீமேக்கரு உள்ள விடுவாரான்னு."

டாக்டர் சோலைமலையைப் பார்த்தார். சோலைமலை தலையாட்டினார். அமுக்கினால் சல்லடையே வேண்டியதில்லை, வழியெல்லாம் அடைபட்டுவிடும். இதை அவர் நினைத்திருக்கவில்லை.

பூசை நாளில் பூசாரி ஆண்டியப்பனிடம் போய், ஆட்டை அரிவதற்கு முன்பே கேட்டார்.

"நாலு காலு முழங்கால் மொழியும் எனக்கு வேணும், மாமா."

"ஏன்டாப்பா, சூப்பு வெக்கவா? ஊருக்கு முந்தி உனக்கா?"

"ராசம்மா காலுக்கு. அவ பங்கு."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ஆண்டியப்பன் அரிவாளைக் கையில் வைத்தபடியே சக்கரத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். ஒரு பங்குக்கு நான்கு மொழி அதிகம் என்று எவனோ முணுமுணுத்தான்.

"உனக்கு வேணுமின்னா நீயும் கானுல விழுந்து கால ஒடச்சுக்கிட்டு வா, தாறேன்" என்றார் ஆண்டியப்பன். "எடுத்துக்க சோலைமலை. மொழியில முனிக்குப் பங்கு இல்ல."

அவித்து, நீராவி அடித்து, ஈதரில் ஊற வைத்து, உலர்த்தி, நொறுக்கி, சலித்து முடிக்க மூன்று வாரம். கடைசியில் ஒரு சிகரெட் டின்னில் முக்கால்வாசி இருந்தது. பழக்கத்தில் ஒரு குறுணியை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தார். கீறியது. மூடி போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே அதை அவர்கள் முறைப்படி கிருமி நீக்கினார்கள். டாக்டர் ஒரு கரண்டி ராசம்மாவின் எலும்பைக் கலந்து, அமுக்காமல், தட்டித் தட்டி உட்கார வைத்தார்.

அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. சோலைமலைக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்டோரில் ஒரு சாமானைப் பூட்டினால் வாரை மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம். இங்கே சுண்ணாம்புக் கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே ஒன்றுதான். மூன்றாம் மாதப் படத்தில் குறுணிகள் அரிசிபோலத் தனித்தனியாகத் தெரிந்தன. "போட்டது போட்டபடியே கெடக்கு" என்றார் சோலைமலை. டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். ஐந்தாம் மாதம் காலில் லேசான சூடு கண்டது. அந்தோனிமுத்துவுக்கும் ஐந்தாம் மாதம்தான். அந்த வாரம் சோலைமலை இரண்டு முறை தப்பான அளவில் கடைந்து இரும்பை வீணாக்கினார். இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. நாகலெட்சுமி அந்தப் பிள்ளைகள் தூங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே, "இதுங்கள நாமளே வெச்சுக்குவோமுங்க, எது எப்பிடிப் போனாலும்" என்றாள்.

சூடு தணிந்தது. ஏழாம் மாதப் படத்தில் குறுணிகளின் ஓரங்கள் மங்கியிருந்தன. எது ஆடு, எது அவள் என்று கோடு போட முடியவில்லை. எட்டாம் மாதம் கட்டைப் பிரித்தார்கள். கால் சூம்பிப் போய், அரை அங்குலம் குட்டையாக இருந்தது. ஊன்றினாள். நின்றது.

அந்தோனிமுத்துவுக்கும் பிறகு அதே மாதிரிக் குறுணி வைத்தார்கள். எலும்பு ஒட்டியது, ஆனால் கை கொஞ்சம் திரும்பிக்கொண்டது. "இப்ப நான் சலாம் போட்டா தொரைக்கு முதுகக் காட்டுற மாதிரி இருக்கு, மேஸ்திரி" என்று சொல்லிச் சிரிப்பான். சோலைமலை அந்தச் சிரிப்பில் ஒருநாளும் சேர்ந்துகொண்டதில்லை. அந்த வழுக்கும் ஆணி அவர் மேசையில், புட்டியில், அவர் வேலையை விடும் வரை இருந்தது. டாக்டரோடு சேர்ந்து மேலும் ஒன்பது பேருக்குக் குறுணி செய்து கொடுத்தார். ஆறு பேருக்குப் பிடித்தது, மூன்று பேருக்குப் பிடிக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட அவருக்குக் காரணம் விளங்கவில்லை. அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

அடுத்த ரோதமுனி பூசை 1959இல் வந்தது. மேல் லயத்திலிருந்து ஸ்டோருக்கு ஒரு மைல் இறக்கம், பாதி தூரம் கானோரம். ராசம்மா கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி முதுகில் சுமந்துகொண்டு, கம்பு இல்லாமல், சாய்ந்து சாய்ந்து இறங்கி வந்தாள். இரண்டு பிள்ளைகளும் முன்னால். கூடையில் பதினொரு தேங்காய்.

"ஏன்டி ஆட்டுக்காலி, முனிக்குத் தேங்காயா? ஆடு எங்க?" என்று ஆண்டியப்பன் கேட்டார். அந்தப் பேர் அவளுக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது.

"முனி ஏற்கெனவே ஒரு ஆட்ட எங்கிட்ட குடுத்து வெச்சிருக்காரு, மாமா. அதோட ஆளுங்களையே வெட்டி நான் அவருக்குக் குடுக்கிறதா? நாளைக்கு அது நடக்க மாட்டேன்னு படுத்துக்கிட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். வேலை வாங்குகிற கங்காணியும் சிரித்தார். திங்கட்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பேர் கொடுக்கும்படியும், ஆறு மாதம் கீழ்மலையில் தட்டையான இடத்தில் மட்டும் பறிக்கலாம் என்று துரை சொல்லியிருப்பதாகவும் அவளிடம் சொன்னார். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பங்கு போட்டார்கள். ராசம்மா தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் சோற்றையும் ரசத்தையும் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஆட்டுக்கறி தொட்டதில்லை.

சோலைமலையின் இலையில் ஒரு மொழி விழுந்திருந்தது. அதைக் கையில் எடுத்தார், திருப்பினார், வெட்டுவாயில் தெரிந்த தேன்கூட்டுக் கண்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு கன்னத்தருகே கொண்டுபோனார்.

"திங்கிற எலும்பத் தின்னுட்டு எழும்புங்க" என்றாள் நாகலெட்சுமி. "நாலு பேரு பாக்குறாங்க."